கையேட்டின் முதல் பக்கம்: 3 நாள் என்று ஒப்புக்கொண்டு 7 வாரம் மாட்டிய வேலை

பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்றின் பயனர் கையேடு. மளிகைக் கடை, ஹார்டுவேர் கடை, மருந்துக் கடை வைத்திருப்பவர்களுக்கானது. 140 பக்கம் ஏற்கெனவே எழுதி இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். முதல் பக்கம் மட்டும் பாக்கி. “வர்றவங்களை வரவேற்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, அவ்வளவுதான்” என்றார் உரிமையாளர். ஒரே ஒரு பக்கம்தானே என்று 3 நாள், 12,000 ரூபாய் என்று வாய்விட்டுவிட்டேன். முடிந்தபோது 7 வாரம் ஆகியிருந்தது. நடுவே தேடி வந்த 28,000 ரூபாய் வேலையொன்றை விட வேண்டியதாயிற்று. வேலை கஷ்டம் என்பதைவிட, யாராவது இரண்டு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாமே என்ற எரிச்சல்தான் அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தப்பு விலை சொன்னதிலேயே இருக்கிறது. எழுதப்போவது ஒரு பக்கம் என்றாலும், எந்த வாசல் எங்கே போகிறது என்று தெரிய உள்ளே இருக்கும் 140 பக்கத்தையும் படித்தாக வேண்டும். அதற்கே 4 நாள் போனது. விலை சொல்லும் முன் நான்கு விஷயம் கேட்டு வாங்குங்கள். கடைசியாகச் சரி என்று சொல்லப்போகிறவர் யார், ஒருவரா மூவரா? திருத்தம் எத்தனை முறை? சப்போர்ட்டுக்கு வரும் அழைப்புகளின் பதிவைப் பார்க்க விடுவார்களா? கையேட்டுத் தளத்தின் அமைப்புகளில் கைவைக்க அனுமதி உண்டா? நான் எதையும் கேட்கவில்லை. உரிமையாளருக்குப் பிடித்தது விற்பனை மேலாளருக்குப் பிடிக்காது, இருவருக்கும் பிடித்தது சப்போர்ட் ஆட்களுக்கு உதவாது என்றே முதல் 2 வாரம் ஓடிப்போனது.

கையேடு ஸ்பிங்க்ஸில் கட்டப்பட்டிருந்தது. பைத்தான் என்ற நிரல்மொழியின் ஆவணங்களுக்காக 2008 வாக்கில் வந்த கருவி அது. புதிதாக ஒரு திட்டம் தொடங்கினால் அதுவே ஒரு முதல் பக்கத்தை உருவாக்கித் தரும். பழைய பதிப்புகளில் மேலே ஆங்கிலத்தில் ஒரு வரவேற்பு வரி, நடுவில் பொருளடக்கம், கீழே மூன்று இணைப்புகள்: சொல்லடைவு, மாட்யூல் அடைவு, தேடல். மாட்யூல் அடைவு பைத்தான் நிரலாளர்களுக்கானது. மளிகைக் கடைக்காரர் அதை அழுத்தினால் அங்கே பக்கமே இருக்காது, 404 தான் வரும். இவர்கள் அதை நீக்காமலே 2 வருடம் ஓட்டியிருக்கிறார்கள். நீங்கள் வேலை தொடங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த மாதிரிக் கருவி விட்டுச்சென்ற மிச்சங்களைத்தான். எம்கேடாக்ஸ் என்ற இன்னொரு கையேட்டுக் கருவியிலும் இப்படித்தான், தானாக வரும் முதல் பக்கத்தில் அந்தக் கருவியின் கட்டளைப் பட்டியலே இருக்கும். அதை மாற்றாமல் அப்படியே வெளியிட்ட கையேடுகள் இன்றைக்கும் கண்ணில் படுகின்றன.

நான் எழுதிய முதல் வடிவத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. பெரிய படம் ஒன்று, “உங்களை அன்புடன் வரவேற்கிறோம்”, நிறுவனத்தின் நோக்கம், “உங்கள் வணிகப் பயணத்தில் நாங்கள் துணை” என்று இரண்டு பத்தி. உரிமையாளர் நெகிழ்ந்துபோனார். ஆனால் சப்போர்ட்டுக்கு வரும் அழைப்பு ஒன்றுகூடக் குறையவில்லை. அங்கே வேலை பார்த்த பெண்தான் உடைத்துச் சொன்னார்: “சார், பில் பாதியில கட் ஆகுதுன்னு ஒருத்தர் போன்ல நிக்கிறார். கவுண்டர்ல அஞ்சு பேர் நிக்கிறாங்களாம். இந்தப் பக்கத்துல அவர் எங்க தொடணும்?” அந்தப் பக்கத்தைப் போனில் திறந்து பார்த்தேன். முதல் திரை முழுக்கப் படமும் வணக்கமும்தான். இரண்டு முறை தள்ளிய பிறகே முதல் இணைப்பு வந்தது. படம் 2 எம்பிக்கு மேல். கடை கோடவுனுக்குள் சிக்னல் இழுக்கும் இடத்தில் அது வந்து சேர்வதற்குள் அவர் போனை எடுத்துச் சப்போர்ட்டைக் கூப்பிட்டிருப்பார்.

கையேட்டுக்கு வருகிறவர் விருந்துக்கு வருகிறவர் இல்லை. பாதி வேலையில் மாட்டிக்கொண்டு, சற்றே கோபமாக வருகிறார். அவருக்கு மரியாதை என்பது, தன் சிக்கல் தன் வார்த்தையிலேயே முதல் திரையில் எழுதியிருப்பதைப் பார்ப்பதுதான். இது புரிய எனக்கு 3 வாரம் ஆனது.

புரிவதற்கு முன்னால் எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். வணக்கமெல்லாம் எடுத்துவிட்டு, பொருளடக்கத்தை அப்படியே கொட்டினேன். ஸ்பிங்க்ஸில் பொருளடக்கம் எத்தனை அடுக்கு ஆழம் தெரிய வேண்டும் என்று எண் கொடுக்கலாம். அதை 2 என்று விட்டால் ஒவ்வொரு அத்தியாயத்தின் துணைத் தலைப்புகளும் முதல் பக்கத்தில் வந்து நிற்கும். என் கணக்கில் 60 இணைப்புக்கு மேல். எல்லாம் இருக்கிறது, எதுவும் கண்ணில் படவில்லை. செய்ய வேண்டியது இது: பொருளடக்கத்தை முதல் பக்கத்தில் மறைத்துவிடுங்கள், அதற்கென்று ஒரு அமைப்பு உண்டு, பக்கவாட்டு மெனுவில் மட்டும் அது தெரியும். முதல் பக்கத்தின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கையால் எழுதுங்கள். கையால் எழுதினால்தான் எதை விடலாம் என்று யோசிப்போம்.

எதை வைப்பது என்பதை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. சப்போர்ட் மேஜைக்குப் பக்கத்தில் 2 நாள் உட்கார்ந்து, வந்த அழைப்பின் முதல் வாக்கியத்தை மட்டும் நோட்டில் எழுதினேன். தீர்வை எழுதவில்லை, அவர்கள் பேசிய வார்த்தையை மட்டும். “ரூபா இருக்கிற பக்கம் பிரிண்ட் ஆகல.” “நேத்து போட்ட பில்லுல தப்பு.” “பாஸ்வேர்ட் மறந்துட்டேன்.” “ஏப்ரல்ல பில் நம்பர் ஒண்ணுல இருந்து வரணும்.” “பாக்கி லிஸ்ட் எங்க?” ஏழெட்டு விஷயமே சுற்றிச் சுற்றி வந்தது. கையேட்டில் இவை எல்லாவற்றுக்கும் பக்கம் இருந்தது. ஆனால் தலைப்புகள் “அச்சுப்பொறி உள்ளமைவு”, “வரவுக் குறிப்பு உருவாக்கம்”, “நிதியாண்டு மேலாண்மை”. கடைக்காரரின் கண் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. அந்த 2 நாளை முதல் வாரத்திலேயே செலவழித்திருந்தால் மிச்ச 5 வாரம் தேவைப்பட்டிருக்காது.

மூன்றாவது வடிவம்தான் நின்றது. மேலே ஒரே வாக்கியம்: இது எந்த சாஃப்ட்வேரின் எந்தப் பதிப்புக்கான கையேடு, யாருக்கு. அதன் கீழ் தேடல் பெட்டி. பிறகு மூன்று வாசல்: “புதிதாகத் தொடங்குகிறேன்”, “ஒரு வேலையை முடிக்க வேண்டும்”, “ஏதோ ஓடவில்லை”. மூன்றாவது வாசலுக்குக் கீழேயே அந்த ஏழு விஷயமும் நேரடி இணைப்பாக. கடைசியில் சப்போர்ட் எண், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஞாயிறு உண்டா இல்லையா. எண்ணைப் போட்டால் அழைப்பு கூடும் என்று உரிமையாளர் தயங்கினார். மறைத்து வைத்தாலும் பில் புத்தகத்தின் பின்னால் பார்த்துக் கூப்பிடத்தான் போகிறார்கள். நேரம் எழுதியிருந்தால் இரவு 10 மணிக்குக் கூப்பிடுவதாவது குறையும். அதற்கும் கீழே, இந்தப் பக்கம் கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதி. நிறுவனத்தின் நோக்கத்துக்கு “எங்களைப் பற்றி” என்று தனிப் பக்கம் கொடுத்துச் சமாதானம் செய்தேன். கையேடு எழுதுகிறவர்களிடையே டயாடாக்ஸிஸ் என்றொரு பகுப்பு புழங்குகிறது. டானியேலே ப்ரோசிடா வகுத்தது. கற்றுக்கொள்ள, வேலை முடிக்க, தகவல் பார்க்க, புரிந்துகொள்ள என்று நான்கு வகை. உள்ளே பக்கங்களைப் பிரிக்க அது அருமையான அளவுகோல். ஆனால் அந்த நான்கு பெயர்களையே வாசலில் எழுதி வைக்காதீர்கள். சமையலறை எப்படிப் பிரித்திருக்கிறது என்பது சாப்பிட வந்தவருக்கு வேண்டாத விஷயம்.

இனி சொற்கள். ஆங்கிலக் கையேட்டு வழிகாட்டிகள் இணைப்பை வினைச்சொல்லில் தொடங்கச் சொல்லும். தமிழில் வினை கடைசியில் வரும், அதனால் அந்த விதியை இழுத்துப் பொருத்த முயன்று ஒரு வாரம் வீணானது. உண்மையில் தமிழுக்கு இதில் லாபம்தான். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சனின் குழு 2006-இல் கண் அசைவை அளந்து சொன்னது, இணையப் பக்கத்தில் கண் இடது ஓரமாகவே கீழே இறங்குகிறது, வரியின் முதல் ஓரிரு சொற்களே அதிகம் படிக்கப்படுகின்றன என்று. தமிழ் வாக்கியத்தில் அந்த இடத்தில் இயல்பாகவே பெயர்ச்சொல் உட்காரும்: “பிரிண்டர் வேலை செய்யவில்லை”, “பாக்கிப் பட்டியல் பார்க்க”, “பில் நம்பரை 1-இலிருந்து தொடங்க”. தேடுகிறவர் கண்ணும் அந்தப் பெயரைத்தான் தேடுகிறது. கெடுப்பது எது என்றால் “எப்படி”, “நீங்கள்”, “எங்கள்” என்று வரியைத் தொடங்குவது. ஏழு இணைப்பும் “எப்படி” என்று தொடங்கினால் இடது ஓரம் முழுக்க ஒரே சொல், கண் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இன்வாய்ஸுக்கு அகராதி பார்த்து “விலைப்பட்டியல்” என்று எழுதியிருந்தார்கள். கடையில் விலைப்பட்டியல் என்றால் எந்தப் பொருள் என்ன விலை என்ற பட்டியல். பில் என்றால் பில். அதே சமயம் திரையில் இருக்கும் பட்டன் ஆங்கிலத்தில் இருந்தால், அந்தப் பெயரைத் திரையில் உள்ளபடியே கையேட்டில் காட்ட வேண்டும். அதை மொழிபெயர்த்தால் பட்டனைத் தேடி அலைவார்கள். தலைப்பு கடைக்காரர் பேச்சில், பட்டன் பெயர் திரையில் உள்ளபடி, இந்த இரண்டையும் கலக்காதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த கட்டங்களுக்குள் அடங்காமல் வெளியே பிதுங்கும். ஒரு வரிசையில் மூன்று கட்டம் என்றிருந்ததைப் போனில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்த பிறகே சரியானது.

“5 நிமிடத்தில் தொடங்குங்கள்” என்று ஒரு பக்கம் இருந்தது. நானே செய்து பார்த்தேன், 40 நிமிடம் ஆனது. ஏனென்றால் நடுவில் ஜிஎஸ்டி எண் கேட்கும், அது எழுத்தும் எண்ணும் கலந்து 15 இடம், தமிழ்நாடு என்றால் 33 என்று தொடங்கும்; சான்றிதழைத் தேடி எடுக்க வேண்டும். பிறகு வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் ஹெச்எஸ்என் குறியீடு. பிறகு பிரிண்டர் ரோல் 2 இன்ச்சா 3 இன்ச்சா என்று கேட்கும். இங்கேதான் பெரும்பாலானவர் தவறுகிறார்கள்: 2 இன்ச், அதாவது 58 மில்லிமீட்டர் ரோல் வைத்துக்கொண்டு 3 இன்ச்சுக்கான 80 என்று விட்டுவிடுவார்கள், வலது ஓரம் அச்சாகாது, வலது ஓரத்தில்தான் தொகை இருக்கும். அந்தப் பக்கத்தின் தலைப்பை “முதல் பில் போட” என்று மாற்றி, தொடங்கும் முன் கையில் வைத்திருக்க வேண்டியவற்றை மேலே எழுதி, “பொருள் பட்டியல் தயாராக இருந்தால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்” என்று உண்மையைப் போட்டேன். பக்கம் முடிவது ஒரு பில் அச்சாகி வெளியே வரும் இடத்தில். மனிதர்கள் முன்னுரை படிக்க மாட்டார்கள், கைவைத்துப் பார்க்கத்தான் ஓடுவார்கள் என்பதை ஐபிஎம் ஆய்வகத்தில் ஜான் கேரல் 1980-களிலேயே காட்டிவிட்டார். கைவைத்ததும் ஏதாவது ஒன்று நடந்துவிட வேண்டும்.

தேடல் பெட்டி என்னை ஒரு முழு வாரம் தின்றது. முதல் பக்கத்தில் பெருமையாக வைத்தாயிற்று. “பிரிண்டர்” என்று அடித்தால் பாதிக் கையேட்டையும் கொண்டுவந்து கொட்டுகிறது. காரணம் கண்டுபிடிக்க நாள் ஆனது. ஸ்பிங்க்ஸ் பக்கங்களைச் சொல்லாகப் பிரிக்கும்போது பைத்தானின் சாதாரணச் சொல் விதியைப் பயன்படுத்துகிறது. அந்த விதி எழுத்தையும் எண்ணையும் மட்டும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். தமிழின் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் இடைவெளி போல வெட்டிவிடும். “தமிழ்” என்பது “தம”, “ழ” என்று இரண்டு துண்டாகும். “பில்” வெறும் “ப”, “ல”. பிறகு எல்லாப் பக்கத்திலும் எல்லாம் கிடைக்காமல் என்ன செய்யும்? ஸ்பிங்க்ஸோடு வரும் தேடல் மொழிகளின் பட்டியலில் தமிழ் கிடையாது. தமிழைப் பிரிக்கும் விதியை நாமே ஒரு சிறு நிரலாக எழுதி, யூனிகோட் என்ற கணினி எழுத்து வரிசையில் தமிழுக்கு உள்ள வரம்பு முழுவதையும் சொல்லின் பகுதியாகச் சேர்க்க வேண்டும். பைத்தான் நிரலில் மாற்றினால் மட்டும் போதாது. தேடுகிறவர் அடிக்கும் சொல்லைப் பிரவுசரில் பிரிக்கும் நிரலையும் அதேபோல் மாற்ற வேண்டும். நான் முதலில் இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, எதுவுமே கிடைக்கவில்லை என்று இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். இன்னொன்று, பாதிப் பேர் தமிழ் எழுத்தில் அடிக்க மாட்டார்கள். முக்கியமான ஒவ்வொரு பக்கத்திலும் அந்தச் சொல்லின் ஆங்கில எழுத்து வடிவம் ஒருமுறையாவது இருக்கட்டும்.

இவ்வளவு செய்த பிறகு தெரிந்த கசப்பு, பலர் இந்த முதல் பக்கத்தின் வழியாக வருவதே இல்லை. கூகுளில் தேடி நேராக உள்பக்கத்தில் குதிக்கிறார்கள், அல்லது சாஃப்ட்வேரில் உள்ள உதவி பட்டனை அழுத்தி வருகிறார்கள். அதனால் ஒவ்வொரு உள்பக்கத்தின் மேலும் இது எந்தப் பதிப்புக்கு, முதல் பக்கம் எங்கே என்று ஒரு வரி வேண்டும். உதவி பட்டனில் நான் சரியாக அடி வாங்கினேன். பக்கங்களுக்கு நல்ல பெயர் வைக்கிறேன் என்று முகவரிகளை மாற்றிவிட்டேன். கடைகளில் ஓடும் பழைய பதிப்புகளின் உதவி பட்டனுக்குள் பழைய முகவரி பதிந்து கிடக்கிறது, எல்லாம் 404. கடைக்காரர்கள் ஓடுகிற சாஃப்ட்வேரை லேசில் அப்டேட் செய்ய மாட்டார்கள். ஒரு சனிக்கிழமை முழுவதும் பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும், புது முகவரிக்குத் தானாகக் கொண்டுபோகும் 301 திருப்பம் எழுதினேன். முகவரி மாற்றும் அன்றே திருப்பத்தையும் எழுதுங்கள், அதை எப்போதும் எடுக்காதீர்கள்.

வெளியிடும் முன் ஐந்து கடைக்காரர்களிடம் காட்டினோம். அவர்கள் போனில், அவர்கள் கடையில். கேள்வியில் இணைப்பின் சொல் வரக்கூடாது என்பது முக்கியம். “வரவுக் குறிப்பு எங்கே இருக்கு?” என்று கேட்டால் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டித் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள், நமக்கு ஒன்றும் தெரியாது. “நேத்து ஒருத்தருக்குப் போட்ட பில்லுல ரேட் தப்பு, என்ன பண்ணுவீங்கண்ணே?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். உதவிக்கு வாய் துறுதுறுக்கும், அடக்குங்கள். இரண்டாவது கடையிலேயே ஒன்று பிடிபட்டது: வாசலுக்கு விளக்கமாக இளஞ்சாம்பல் நிறத்தில் எழுதியிருந்த வரிகள், தெருவைப் பார்த்த கல்லா மேஜையில் வெயிலில் தெரியவே இல்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற அளவாவது வேறுபாடு வேண்டும் என்று, பார்வை குறைந்தவர்களும் படிக்க வகுத்த அணுகுதன்மை விதிகளே சொல்கின்றன. அளந்து பார்த்தால் நாங்கள் 3-ஐக்கூடத் தொடவில்லை. நிறத்தை மாற்றினோம். அந்த வரிகள் இல்லாமலே மற்ற எல்லாரும் சரியான வாசலைத் தொட்டிருந்ததால், பாதியை நீக்கியும் விட்டோம்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின அல்லவா, 12, 28 சதவீத அடுக்குகளிலிருந்த பெரும்பாலான பொருட்கள் 5, 18-க்குப் போனபோது, முதல் பக்கத்தின் உச்சியில் ஒரு வரி அறிவிப்பு வைத்தோம்: “வரி விகிதம் மாற்ற”, அதற்கு ஒரு இணைப்பு, தேதியோடு. அந்த வாரம் மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரிதான் உதவியது. ஆனால் எடுக்கும் நாளை யாரும் குறித்து வைக்கவில்லை. பொங்கலுக்குப் பிறகும் அது அங்கேயே நின்றது, புதிதாக வாங்கியவர்கள் ஏற்கெனவே புது விகிதத்தோடு வந்த சாஃப்ட்வேரில் எதை மாற்றுவது என்று கூப்பிட்டார்கள். இப்போது அறிவிப்பு எழுதும்போதே நீக்கும் தேதியையும் எழுதி, காலண்டரில் ஒருவர் பெயரில் போட்டுவிடுகிறோம்.

கடைசியாகத் திருத்தியது பக்கத்திலேயே தெரியாத ஒன்று. சப்போர்ட் பெண் இப்போது போனில் விளக்குவதற்குப் பதில் அந்தந்தப் பக்கத்தின் இணைப்பை வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறார். அனுப்பினால் மேலே சின்னப் பெட்டியில் தலைப்பு தெரியும் அல்லவா, எல்லாப் பக்கத்துக்கும் நிறுவனத்தின் பெயரே முதலில் வந்து, பக்கத்தின் பெயர் போன் அகலத்தில் வெட்டுப்பட்டுப் போனது. விளம்பரம் என்று நினைத்துச் சிலர் திறக்கவே இல்லையாம். ஸ்பிங்க்ஸ் தீமின் அமைப்பில் தலைப்பு வரிசையை மாற்றி, பக்கத்தின் பெயர் முன்னால், நிறுவனத்தின் பெயர் பின்னால் என்று வைத்தேன். 20 நிமிட வேலை. அதற்குத் தனியாக பில் போடவில்லை.